காற்றுக்கு ஒரு எண் இருக்கிறது, தண்ணீருக்கு?

மொரீஷியஸில் புயல் செய்தி வந்ததும் யாரும் அதன் மையம் எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்பதில்லை. "கிளாஸ் எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். கிளாஸ் என்பது வானிலைத் துறை அறிவிக்கும் புயல் எச்சரிக்கை நிலை. பள்ளி உண்டா, பஸ் ஓடுமா, கடை திறந்திருக்குமா, சம்பளம் வெட்டாமல் கைக்கு வருமா, எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றிலிருந்து நான்கு வரை போகும் அந்த எண்ணில் இருக்கிறது. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஒரே எண்ணைச் சொல்லி வீட்டுக்குள் அனுப்ப முடிவது சாமானிய வேலை இல்லை. பல பெரிய நாடுகளுக்கே அது வாய்க்கவில்லை. ஆனாலும் அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருக்கிறது. அது காற்றை அளக்கிறது, காற்றை மட்டும். 2013-லும் 2024-லும் தலைநகர் போர்ட் லூயிஸைப் புரட்டிப் போட்டதோ தண்ணீர்.

கிளாஸ் விவரம் இங்கே பிறந்தவர்களுக்கு மனப்பாடம். இருந்தாலும் அதன் வாசகத்தை வரிக்கு வரி படித்தவர்கள் குறைவு. 2024-ல் வந்த பெலால் புயல் வரை நாம் பழகிய வரையறை இதுதான். தீவில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீச்சு (நம் பேச்சில் ராஃபால்) அடிக்கக்கூடிய நேரத்தைக் கணித்து, அதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு கிளாஸ் 1. கூடுமானவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும்படி கிளாஸ் 2. ஆறு மணி நேரப் பகல் வெளிச்சம் இருக்கும்படி கிளாஸ் 3. 120 எங்காவது பதிவாகி, இன்னும் தொடரும் என்றால் கிளாஸ் 4. இதில் 'பகல் வெளிச்சம்' என்ற நிபந்தனையை எழுதியவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். ஜனவரியில் இங்கே ஆறு மணிக்குச் சற்று முன்பு விடிந்து, ஏழு மணி வாக்கில் இருட்டும். 120 வீச்சு விடியற்காலை மூன்று மணிக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தின்படி ஆறு மணி நேரம் முன்பு என்றால் இரவு ஒன்பது மணி. அந்த நேரத்தில் யார் கூரை ஏறித் தகரத்துக்குக் கயிறு கட்ட முடியும்? வெளிச்சக் கணக்குப்படி கிளாஸ் 3 முந்தின நாள் மதியம் ஒரு மணிக்கே வந்தாக வேண்டும். வீச்சு காலை பத்து மணிக்கு என்றால் அன்று காலையில் கிடைக்கும் வெளிச்சம் நான்கு மணி நேரம்தான், மீதி இரண்டு மணி நேரத்தை முந்தின மாலையில் பிடிக்க வேண்டும். அதாவது ஐந்து மணிக்கே அறிவிப்பு. மனிதர்கள் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்து எழுதிய விதி இது.

எந்த வேலையை யோசித்து எழுதினார்கள் என்பதில்தான் சிக்கல். கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றுவது, ஜன்னலுக்குப் பலகை அடிப்பது, வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் மாங்கிளையை வெட்டுவது, மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவது, லாம்ப் தம்பெத்துக்கு (அரிக்கேன் விளக்குக்கு) மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது. எல்லாம் காற்றோடு போராடும் வேலைகள்.

காற்றை ஜெயித்த கதை

1960 நினைவில் இருக்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஜனவரியில் அலிக்ஸ் புயல், பிப்ரவரி 28-ல் கரோல். கரோலின் வீச்சு மணிக்கு 256 கிலோமீட்டர். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பல்லாயிரம் குடிசைகளும் தகர வீடுகளும் தரைமட்டமாயின. பிறகு அரசாங்கம் வரிசை வரிசையாக வீடுகள் கட்டிக் குடியேற்றியது. சித்தே என்று நாம் சொல்லும் குடியிருப்புகளின் பிறப்பு அதுதான். மக்களும் பாடம் கற்றார்கள். பணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரச் சேர, ஒவ்வொரு அறையாகத் தகரத்தை எடுத்துவிட்டுத் தட்டையான கான்கிரீட் தளம் போட்டார்கள். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் 280 கிலோமீட்டர் வீச்சோடு வந்தது, கரோலைவிட அதிகம். இறப்பு எண்ணிக்கையோ கரோலில் நேர்ந்ததைவிட மிகக் குறைவு. 1994-ல் ஹோலாந்தா, 2002-ல் தினா. மின்கம்பம் சாய்ந்தது, கரும்பு படுத்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் வீடு தலைமேல் விழும் என்ற பயம் பெரும்பாலான குடும்பங்களை விட்டுப் போய்விட்டது. (கரும்புக்குப் புயல் காப்பீடு 1940-களிலேயே வந்துவிட்டது என்பது தனிக்கதை. இந்தத் தீவில் யாருக்கு எது முதலில் கிடைத்தது என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி.)

ஆக, காற்றுக்கு எதிரான போரில் நாடு ஜெயித்தது, ஜெயித்த ஆயுதம் கான்கிரீட். அதே கான்கிரீட்தான் இப்போது தண்ணீரை நம் மேல் ஏவிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு எளிது. பத்து பெர்ச் மனை என்றால் 422 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 42,200 லிட்டர் தண்ணீர். முன்பு அதில் பெரும்பகுதி மண்ணில் இறங்கியது, வாழையும் முருங்கையும் கொஞ்சம் குடித்தன. இப்போது வீடு, முன்னால் கார் நிற்கச் சிமெண்ட் தளம், பின்னால் துணி துவைக்கச் சிமெண்ட் தளம், சுற்றிலும் கல் மதில். விழுவது அத்தனையும் பத்து நிமிடத்தில் தெருவுக்கு வந்துவிடுகிறது. ஒரு மனைக்கு இவ்வளவு என்றால் மேட்டிலிருந்து பள்ளம் வரை நானூறு மனைகள் உள்ள ஒரு மொர்செல்மானுக்கு (மனைப்பிரிவுக்கு) எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கரும்புக் காட்டை மனைகளாகப் பிரித்தபோது, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடிய பள்ளங்கள் வரைபடத்தில் வெறும் நிலமாகவே தெரிந்தன. அவற்றின் மேலேயே மதில் எழுந்தது. மதில் தண்ணீருக்கு அணை. அணை பொறுக்கும் வரை பொறுத்து, மொத்தமாக இடிந்து, ஒரே அலையாகக் கீழ்வீட்டுக்குள் போகும். ஃபோன் தியு சாக், கோத்தாஜ், கானால் தாயோ என்று வருடாவருடம் நாம் கேட்கும் பெயர்கள் எல்லாம் புயலின் பாதையில் இருப்பதால் அடிபடும் ஊர்கள் இல்லை, தண்ணீரின் பாதையில் இருப்பதால் அடிபடுபவை.

வடிகால் கட்டினால் தீர்ந்துவிடும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவர் சொல்வார். கட்டத்தான் வேண்டும், ஆனால் எங்கே அடைக்கிறது என்று பார்த்துக் கட்ட வேண்டும். வடிகால் பெரும்பாலும் நடுவில் அடைப்பதில்லை. சாலைக்கு அடியில் நுழையும் வாயில்தான் அடைக்கிறது. அங்கே இரும்புக் கம்பித் தட்டி இருக்கும். முதல் இருபது நிமிட மழை கரும்புச் சோகை, பிளாஸ்டிக் பாட்டில், தென்னை மட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்தத் தட்டியில் ஒட்டவைக்கும். பிறகு அது தட்டி இல்லை, சுவர். சிறு பாலங்களில் இன்னொரு தொல்லை. குடிநீர்க் குழாயோ கேபிள் குழாயோ பாலத்தின் வாயைக் குறுக்கே கடந்து போகும். பாதி உயரத்தில் ஒரு குழாய் போனால் மரக்கிளை ஒன்று அதில் மாட்டும், அந்தக் கிளையில் மற்றவை எல்லாம் மாட்டும். மூன்றாவது தப்பு, மேலே அகலமான புது வடிகால் கட்டி, அதைக் கீழே பழைய குறுகிய வடிகாலில் கொண்டுபோய் இணைப்பது. மேல் தெருக்காரர்கள் கைதட்டுவார்கள், கீழ்த் தெரு முழுகும். 2017-ல் நில வடிகால் ஆணையத்துக்கென்று தனிச் சட்டம் வந்ததன் நியாயமே இதுதான்: நகராட்சி ஒன்று, மாவட்ட மன்றம் ஒன்று, சாலைத் துறை ஒன்று என்று துண்டு துண்டாகக் கட்டாமல், மலை உச்சியிலிருந்து கடல் வரை ஒரே ஓட்டமாகப் பார்க்க வேண்டும்.

கிளாஸ் இல்லாத நாள்

2013 மார்ச் 30, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர், போர்ட் லூயிஸில் கடைவீதிக் கூட்டம். புயல் எதுவும் இல்லை, கிளாஸ் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் 152 மில்லிமீட்டர் கொட்டியது. போர்ட் லூயிஸ் மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று அமைந்த ஊர். லெ பூஸ் மலையில் விழும் தண்ணீருக்கு நகரத்தின் நடுவே ஓடும் ஓடைதான் வழி, அது கோதான் பக்கம் கடலில் சேர்கிறது. சரிவு செங்குத்து, தூரம் கொஞ்சம், நடுவில் உறிஞ்ச மண் இல்லை. ஓடை கரை மீறியதும் தண்ணீர் தனக்குத் தெரிந்த மிகத் தாழ்வான இடத்தைத் தேடிப் போனது: நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் பாதசாரிச் சுரங்கப்பாதை, கட்டடங்களின் அடித்தளக் கார் நிறுத்துமிடம். பதினோரு பேர் இறந்தார்கள்.

சுரங்கப்பாதை ஏன் இவ்வளவு சீக்கிரம் கொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. படிக்கட்டில் இறங்கும் தண்ணீர் அருவி மாதிரி, அதற்கு எதிராக ஏற முடியாது. இரண்டு வாயிலிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறங்கினால் நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு வழியே இல்லை. கரண்ட் போனால் எந்தப் பக்கம் படி என்றும் தெரியாது. மழை பலத்தால் முதலில் மூட வேண்டியது பாதாளப் பாதையும் அடித்தளமும்தான், சாலை அப்புறம். ஓடும் தண்ணீர் முழங்காலுக்கும் கீழே, ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே ஆளைச் சாய்க்கும். முப்பது சென்டிமீட்டரில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். அறுபதில் ஏறக்குறைய எந்த வண்டியும் தப்பாது. அடித்தளத்தில் நிற்கும் காரை எடுக்க ஓடுபவருக்கு இந்த மூன்று எண்களும் தெரிந்திருக்க வேண்டும். காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. அதே வருடம் தேசியப் பேரிடர் குறைப்பு, மேலாண்மை மையம் உருவானது. 2016-ல் அதற்குச் சட்டம் வந்தது: மேலே தேசியக் கவுன்சில், நடுவில் மையம், கீழே ஒவ்வொரு நகராட்சிக்கும் மாவட்ட மன்றத்துக்கும் ஒரு உள்ளூர்க் குழு, நம் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிக்ஸுக்குத் தனி ஏற்பாடு. நமக்கு ராணுவம் கிடையாது, அதனால் களத்தில் இறங்குவது போலீஸ், சிறப்பு நடமாடும் படை, கடலோரக் காவல், தீயணைப்பு. ஜப்பான் உதவியில் ட்ரூ ஓ செர்ஃப் எரிமலை மேட்டின் மேல் டாப்ளர் ராடார் வந்து, 2019 முதல் சுமார் 450 கிலோமீட்டர் தூரம் வரை மழை மேகத்தைப் பார்க்கிறது. வலே தெ ப்ரேத்ர் பக்கம் சித்ரகூட்டில் நிலச்சரிவைக் கண்காணிக்கக் கருவிகள் வைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

அப்புறமும் பெலால் நடந்தது.

2024 பொங்கல் நாள்

ஜனவரி 15, திங்கட்கிழமை. தைப் பொங்கல். தைப்பூச விரதம் தொடங்கும் வாரமும் அதுவே. பெலாலின் கண் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, நாம் அதன் கிழக்குப் பக்கம். காலையில் இங்கே கிளாஸ் 2. கிளாஸ் 2 என்றால் அலுவலகமும் கடையும் உண்டு, ஆகவே ஜனங்கள் வேலைக்குப் போனார்கள். பகலில் கிளாஸ் 3 வந்தது. காற்று பலப்படும் முன்பே மழைப் பட்டைகள் வந்துவிட்டன. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்தோம்.

இதில் என்ன தப்பு நடந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில், "கிளாஸ் 3-ஐ லேட்டாகக் கொடுத்தார்கள்." வானிலைத் துறைத் தலைவர் பதவி விலகினார். அதோடு விஷயம் முடிந்தது என்ற மாதிரி ஒரு ஆறுதல். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. ஆளை மாற்றலாம், ஆனால் அடுத்த ஆளும் அதே வரையறையைத்தான் கையில் வைத்துக்கொண்டு உட்காருவார்: 120 வீச்சு எப்போது? மாலையிலா, ராத்திரியிலா? அதிலிருந்து பின்னோக்கி ஆறு மணி நேர வெளிச்சம். அவர் தன் கணக்கை மிகச் சரியாகப் போட்டாலும் மழை அந்தக் கணக்கில் இல்லை. வீச்சு மாலையில் வரும் புயலுக்கு மழை காலையிலேயே வரலாம். வீச்சு 120-ஐத் தொடாமலே போகலாம், தண்ணீர் கழுத்தளவு நிற்கலாம்.

"மழைக்கென்று தனி எச்சரிக்கை இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. அங்கேதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. அடைமழை எச்சரிக்கையின் பழைய அளவுகோல், 12 மணி நேரத்துக்குள் பரவலாக 100 மில்லிமீட்டர் மழை பதிவாகி, இன்னும் தொடரும் நிலை இருக்க வேண்டும் என்பது. இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றுக்கான விதி வரப்போவதைப் பார்த்து நேரத்தைப் பின்னோக்கி எண்ணுகிறது. மழைக்கான விதி விழுந்து முடிந்ததை அளந்துவிட்டு வாய் திறக்கிறது. 2013 மழையில் 100 மில்லிமீட்டர் என்ற கோட்டைத் தொடும்போது சுரங்கப்பாதை ஏற்கெனவே நிரம்பிக்கொண்டிருந்திருக்கும். 'பரவலாக' என்பது இன்னொரு பொறி. நடு மேட்டில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது, மேற்குக் கரையில் 1,000-கூட இல்லை. ஒரே மலையின் இந்தப் பக்கம் வெள்ளம், அந்தப் பக்கம் வெயில் என்பது நம் அன்றாடம். தீவு முழுவதற்கும் ஒரே கிளாஸ் காற்றுக்குப் பொருந்தும், ஏனென்றால் புயல் தீவைவிடப் பெரியது. மழைக்குப் பொருந்தாது, ஏனென்றால் மழை ஓடை ஓடையாக வேறுபடும்.

சம்பளச் சட்டமும் இந்த முடிச்சில் மாட்டியிருக்கிறது. கிளாஸ் 3 அல்லது 4 நடப்பில் இருந்தால் தொழிலாளி வேலைக்கு வரத் தேவையில்லை, சம்பளம் உண்டு; வரவழைத்தால் கூடுதல் படியும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதன் பக்கவிளைவு, முதலாளி கிளாஸ் 3 வரும் வரை யாரையும் அனுப்ப மாட்டார், வந்ததும் எல்லோரையும் ஒரே நிமிடத்தில் அனுப்புவார். கிளாஸ் 2-லேயே பள்ளி மூடிவிடும், ஆக பிள்ளை வீட்டில், பெற்றோர் நகரத்தில். அறிவிப்பு வந்ததும் வடக்கே போகும் சாலையிலும் தெற்கே போகும் சாலையிலும் மொத்த நகரமும் இறங்குகிறது. விக்டோரியா ஸ்டேஷனில் பஸ்ஸுக்குக் கூட்டம். மணிக்கணக்கில் நகராத வண்டிகளுக்கு மேல் மழை. வீட்டில் இருந்தால் ஆபத்தில்லை, அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தாலும் ஆபத்தில்லை. ஆபத்து இரண்டுக்கும் நடுவே சாலையில் இருக்கிறது, அந்தச் சாலைக்கு ஆட்களை அனுப்புவதே அறிவிப்புதான்.

அடுத்த தீவில்

அதே திங்கட்கிழமை காலை ரீயூனியனில் தெருவில் ஒரு ஆள் இல்லை. முந்தின இரவு எட்டு மணிக்கே சிவப்பு எச்சரிக்கை, காலை ஆறு மணிக்கு ஊதா. ஊதா என்றால் மீட்புப் படைகூட வெளியே வராது. அங்கே பெலால் நேராக அடித்தது, சேதம் நம்மைவிட அதிகம், உயிரிழப்பும் இருந்தது. அதனால் அங்கே எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பிரான்ஸின் பணமும் படையும் பின்னால் நிற்கும் தீவை நம்மோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை. கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, அங்கே வானிலைக்காரர் கணிப்பைச் சொல்கிறார், நிறத்தை முடிவு செய்வது ப்ரெஃபெ, அதாவது அங்கே பிரெஞ்சு அரசின் பிரதிநிதி. எந்த நேரத்தில் சாலையில் கூட்டம், எந்த நேரத்தில் பள்ளி விடுகிறது என்பதையும் சேர்த்து அவர் யோசிக்கலாம். இங்கே கணிப்பே உத்தரவாகிவிடுகிறது: வானிலைத் துறை ஒரு எண்ணைச் சொன்னதும் சட்டம், சம்பளம், பஸ் எல்லாம் தானாக நகர்கின்றன. அந்தச் சுமையை ஒரு வானிலை நிபுணரின் தலையில் வைத்தது யார்? இரண்டாவது, சிவப்பை அறிவிக்கும்போது மூன்று மணி நேரம் முன்கூட்டியே சொல்கிறார்கள். "இப்போது சிவப்பு" என்று சொல்வதில்லை, "எட்டு மணிக்குச் சிவப்பு" என்கிறார்கள். அந்த மூன்று மணி நேரம் வீடு போய்ச் சேருவதற்கு. அங்கே ஆற்றைக் கடக்கும் தாழ்வான தரைப்பாலங்களைத் தண்ணீர் ஏறும் முன்பே அடைத்துவிடும் வழக்கமும் உண்டு. அடைத்த தடுப்பைத் தாண்டிப் போய்ச் சாகிறவர்களும் உண்டு, அது வேறு.

மழை விஷயத்தில் அவர்கள் நமக்கு வாத்தியார்கள். 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக்கில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர், 2007 பிப்ரவரியில் காமெத் புயலில் கொமெர்சோன் பக்கம் மூன்று நாளில் 3,900-க்கும் மேல். இரண்டும் உலக சாதனை.

இங்கே என்ன செய்யலாம்? ராடார் இருக்கிறது. மலை உச்சியில் மழைமானி, ஓடையின் மேல்பகுதியில் நீர்மட்டக் கருவி, இரண்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்பினால், கீழே வர எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு அட்டவணை போடலாம். அந்த அட்டவணை இருபது நிமிடம் என்று சொன்னால், இருபது நிமிடத்தில் முடியும் வேலைகளை மட்டும் முன்கூட்டியே பங்கு பிரித்து வைக்க வேண்டும்: சுரங்கப்பாதைக் கதவைச் சாத்துவது, அடித்தளத்தைக் காலி செய்வது, ஒரு குறிப்பிட்ட பாலத்தில் போக்குவரத்தை நிறுத்துவது. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒரு ஆளும், அவர் லீவு என்றால் இன்னொரு ஆளும். சாவி எங்கே தொங்குகிறது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் மூடும் அதிகாரம் அந்த ஆளுக்கு வேண்டும், மூடிய பிறகு மழை விட்டுவிட்டால் அவரை யாரும் கேலி செய்யக்கூடாது. வேலை விடுவதையும் பிரிக்கலாம். கிளாஸ் 2-லேயே தாழ்வான ஊர்க்காரர்களை முதலில் அனுப்பினால், கிளாஸ் 3-ல் பாதிக் கூட்டம்தான் சாலையில் இருக்கும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, 2016 சட்டத்தின் உள்ளூர்க் குழுக்களே போதும். அந்தக் குழுக்கள் நவம்பர் 1-க்கு முன்பு, அதாவது புயல் பருவம் தொடங்கும் முன்பு, ஒரு தடவையாவது மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வடிகால் வாய்களை நடந்து பார்க்க வேண்டும். கூட்ட அறையில் வரைபடம் பார்ப்பது அதற்கு ஈடாகாது.

கோவில் கமிட்டிகளுக்கு ஒரு வார்த்தை

நம் ஆட்கள் இதைப் படிப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். தைப்பூசம் எப்போதும் புயல் பருவத்தின் நட்டநடுவில் வருகிறது. காத்ர் போர்ன் பக்கம் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலானாலும் சரி, பள்ளத்தில் இருக்கும் ஊர்க் கோவிலானாலும் சரி, பந்தல் தார்ப்பாயைக் கிளாஸ் 1 வந்த அன்றே அவிழ்க்க வேண்டும். கிளாஸ் 2-ல் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தார்ப்பாய் பாய்மரமாகிக் கம்பத்தையும் சேர்த்துப் பிடுங்கும். கட்டி முடித்த காவடி மூங்கில்களை வெளித் தாழ்வாரத்தில் சாய்த்து வைக்காமல் மண்டபத்துக்குள் படுக்கப் போடுங்கள். பெரிய அண்டாக்களை நல்ல தண்ணீரால் நிரப்பி மூடிவிடுங்கள். பலத்த மழைக்குப் பிறகு ஆற்றுநீர் கலங்கினால் சுத்திகரிப்பு நிலையமே நின்றுவிடும், குழாய் இரண்டு மூன்று நாள் வறண்டு கிடக்கும், கான்கிரீட் வீட்டுக்காரர்களும் அப்போது கோவிலுக்குத்தான் குடத்தோடு வருவார்கள்.

எனக்குப் பெரிய கவலை ஆற்றங்கரைதான். பல ஊர்களில் அலகு குத்துவதும் காவடி எடுப்பதும் ஆற்றோரத்தில் தொடங்குகிறது. புயலே இல்லாத ஜனவரி காலையில்கூட மேலே மேட்டில் கொட்டிய மழை அரை மணி நேரத்தில் கீழே வரலாம். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கன்னத்தில் வேல், முதுகில் கொக்கி, காலில் ஆணிச் செருப்பு போட்டவர் ஓட முடியாது, கூட இருக்கும் பாட்டியும் பிள்ளைகளும் அவரை விட்டு ஓடமாட்டார்கள். அதனால் இரண்டு ஏற்பாடு. ஆற்றின் மேல்பகுதியில், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, போனோடு இரண்டு இளைஞர்களை விடியற்காலையிலேயே நிறுத்துங்கள். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால், இலைதழை மிதந்து வந்தால், பழக்கமான ஒரு பாறை முழுகினால், உடனே கீழே சொல்ல வேண்டும், காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கீழே ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கு அந்த அழைப்பு வந்ததும் பாட்டை நிறுத்தி அறிவிக்கும் அதிகாரம் இருக்க வேண்டும், தலைவரைத் தேடிக்கொண்டு ஓடக் கூடாது. இரண்டாவது இன்னும் எளிது: புறப்படும் இடத்தையே கரையிலிருந்து ஐம்பது மீட்டர் மேலே தள்ளுங்கள். பூஜைக்கு ஆற்று நீர்தான் வேண்டும் என்றால் குடத்தோடு இரண்டு பேர் இறங்கினால் போதும்.